‘உங்கள் வீட்டுக்காரர் எந்த ரெஜிமெண்ட்?’ – வாசகர் கேள்வி பதில்

சென்ற மாதம் இந்தப் பகுதியில், முன்னாள் படைவீரர் அடையாள அட்டை குறித்த ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, படையில் பணியாற்றித் திரும்பிய பெண்களும் அந்த அட்டையைக் கேட்டுப் பெறலாம் என்று ஒரு வரியைச் சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் அட்டையைப் பற்றி ஏறக்குறைய யாருமே எழுதவில்லை. எல்லோரும் வீட்டைப் பற்றியே எழுதியிருந்தார்கள். இம்மாதப் பக்கங்களை அக்கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன். பெயர்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்.

கேள்வி: நான் 1984இல் ராணுவச் செவிலியர் பணியில் சேர்ந்தேன். 1989இல் திருமணம் செய்துகொண்டதும் பணியிலிருந்து விடுவித்துவிட்டார்கள். ஓய்வூதியம் இல்லை. குழந்தைகளும் இல்லை. கணவர் இறந்தபின், அப்பா தன் சம்பாத்தியத்தில் கட்டிய வீட்டின் பின்கட்டு அறையில், தம்பி குடும்பத்தை ஒட்டி இருந்துவருகிறேன். அப்பா 1998இல் உயில் எழுதாமல் காலமானார். அம்மா அவருக்கு முன்பே போய்விட்டார். இப்போது தம்பி மகனுக்குக் கல்யாணம். தை பிறப்பதற்குள் அறையைக் காலி செய்யச் சொல்கிறார்கள். அறுபது வயதுக்கு மேல் நான் எங்கே போவது? – ஒரு வாசகி, காரிமங்கலம்

பதில்: அம்மா, நீங்கள் காலி செய்ய வேண்டியதில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கடிதத்தின் இரண்டாம் பக்கத்திலேயே பெட்டியை யார் வீட்டில் போட்டுவைப்பது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டீர்கள்.

நீங்கள் சொல்லும் விவரப்படி, இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்கீழ் உங்கள் தந்தையின் வீட்டுக்கு நீங்களும் தம்பியும் சம வாரிசுகள். வேறு உடன்பிறப்புகள் இல்லையென்றால் பாதி வீடு உங்களுடையது. அந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவு ஒரு காலத்தில் ஒரு முட்டுக்கட்டையைப் போட்டு வைத்திருந்தது. குடும்பம் குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும் வரை பெண் வாரிசு பாகம் கேட்க முடியாது என்பது அதன் சாரம். 2005ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தப் பிரிவையே நீக்கிவிட்டது. தகப்பனார் 2005க்கு முன்பு இறந்திருந்தாலும் மகள் இப்போது பாகம் கேட்கலாம் என்பதை, தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ‘கல்யாணத்தின்போதே நகை போட்டாயிற்று’ என்பது வீட்டுத் திண்ணையில் செல்லும், நீதிமன்றத்தில் செல்லாது.

ஒன்றே ஒன்றை நினைவுபடுத்திப் பாருங்கள். பட்டா மாற்றுவதற்கென்றோ கடன் வாங்குவதற்கென்றோ சொல்லி, சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துச் சென்று உங்களிடம் எப்போதாவது கையெழுத்து வாங்கினார்களா? அது உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமாக இருந்தால் நிலைமை மாறிவிடும். வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். எடுக்கும்போது ஐந்தாறு ஆண்டுகளுக்கு மட்டும் போடாமல் 1998 முதல் போட்டு எடுங்கள்.

பாகப்பிரிவினை வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். தையோ கிட்டத்தில் இருக்கிறது. ஆகவே முதலில் தொட வேண்டியது, குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம். கணவனுக்கு எதிராக மட்டுமே அதைப் பயன்படுத்த முடியும் என்று வழக்கறிஞர்களிலேயே சிலர் நினைக்கிறார்கள். இரத்த உறவால் ஒரே வீட்டில் வாழும் அக்காள் தங்கைக்கும் அது பொருந்தும். 19ஆம் பிரிவின்கீழ், உங்களை அந்த வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று நீதித்துறை நடுவர் உத்தரவிடலாம். அவசரமென்றால் இடைக்கால உத்தரவும் கிடைக்கும். மனுவை எழுத வழக்கறிஞர் தேவையில்லை. மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலர் எழுதித் தருவார். வழக்கறிஞர் வேண்டுமென்றால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் பார்க்காமல் இலவசமாக ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது சட்டம். தொலைபேசி எண் 15100. படைவீரர் குடும்பங்களுக்கென்றே முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களில் சட்ட உதவி மையம் அமைக்கும் திட்டம் ஒன்றையும் தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு 2025 ஜூலையில் தொடங்கியிருக்கிறது. அங்கும் கேட்டுப் பாருங்கள்.

இனி, நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன விஷயத்துக்கு வருகிறேன். திருமணம் செய்துகொண்டதற்காகச் செவிலியர் அதிகாரிகளை வெளியேற்றும் விதி, 1977ஆம் ஆண்டின் 61ஆம் எண் ராணுவ அறிவுறுத்தலில் இருந்தது. 1995இல்தான் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. 1988இல் அவ்வாறு வெளியேற்றப்பட்ட செலினா ஜான் என்ற அதிகாரியின் வழக்கில், அந்த விதி தன்னிச்சையானது, பாலினப் பாகுபாடு கொண்டது என்று கூறிய உச்ச நீதிமன்றம், 2024 பிப்ரவரியில் அவருக்கு 60 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. உங்களுக்கும் அப்படியே கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். இத்தனை ஆண்டுத் தாமதத்தை ஆயுதப்படைத் தீர்ப்பாயம் மன்னிக்க வேண்டும்; அது எளிதன்று. ஆனால் உங்கள் விடுவிப்பு ஆணையில் என்ன காரணம் எழுதியிருக்கிறது என்பதை ஒரு வழக்கறிஞர் படித்துப் பார்த்தாக வேண்டும். ‘சொந்த விருப்பத்தின் பேரில்’ என்று எழுதி அனுப்பியிருந்தால், முன்னாள் படைவீரர் என்ற தகுதிக்கே அது இடைஞ்சலாகும். ‘திருமணம் காரணமாக’ என்று இருந்தால் வாதம் உங்கள் பக்கம் வரும்.

சில ஆண்டுகளுக்கு முன், உங்களைப் போன்ற ஒருவருக்குத் துணையாக நானும் ஓர் அரசு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அவர் ராணுவத்தின் பழுப்பேறிய காகித உறையைக் கவுண்டரில் வைத்தார். எழுத்தர் தலை நிமிராமலே, “உங்க வீட்டுக்காரர் எந்த ரெஜிமெண்ட்?” என்று கேட்டார். “வீட்டுக்காரர் மளிகைக்கடை வைத்திருந்தார், நான்தான் லெஃப்டினண்ட்” என்றார் அந்த அம்மா. எழுத்தர் நல்ல மனிதர்தான். எழுந்து நின்று நாற்காலி கொடுத்தார். ஆனால் அவர் எடுத்த படிவத்தில் ‘படைவீரரின் மனைவி/விதவை’ என்று ஒரு கட்டம் இருந்ததே தவிர, அந்த அம்மாவுக்கான கட்டம் இல்லை. கடைசியில் பெண்கள் விஷயமென்றால் சமூக நலத்துறைக்குப் போங்கள் என்றார்கள். அங்கே போனால், ராணுவ விஷயமென்றால் இங்கே ஏன் வந்தீர்கள் என்றார்கள். நீங்கள் போகும்போது ஒரே மனுவின் இரண்டு பிரதிகளை முன்னாள் படைவீரர் நலம், சமூக நலம் ஆகிய இரண்டு அலுவலகங்களிலும் கொடுத்து, ஒவ்வொன்றிலும் மற்றதன் பெயரைக் குறிப்பிட்டு, இரண்டுக்கும் ஒப்புகை வாங்குங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அமைப்புக்கும் ஆட்சியரே தலைவர் என்பதால், திங்கட்கிழமை குறைதீர் நாளில் அவரிடம் மூன்றாவது பிரதியைக் கொடுத்தால், இரண்டு மேசைகளும் ஒரே கோப்பைப் பார்க்க வேண்டிவரும்.

கேள்வி: அமெரிக்கா போன்ற பணக்கார நாட்டிலும் ராணுவத்தில் இருந்த பெண்கள் வீடில்லாமல் தெருவில் இருக்கிறார்கள் என்று படித்தேன். நம்ப முடியவில்லையே? – கல்லூரி மாணவி, கிருஷ்ணகிரி

பதில்: நம்பித்தான் ஆக வேண்டும்; அவர்களே எண்ணிப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார்கள். அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தரும் அரசுப் பொறுப்புடைமை அலுவலகம், 2011 டிசம்பரில் இதைப் பற்றியே ஓர் அறிக்கை வெளியிட்டது. முன்னாள் படைவீரர் விவகாரத் துறையை அணுகிய வீடற்ற பெண்களின் எண்ணிக்கை 2006 நிதியாண்டில் 1,380, 2010இல் 3,328. நான்கே ஆண்டுகளில் இரண்டு மடங்குக்கு மேல். துறையின் கதவைத் தட்டியவர்களின் கணக்கு மட்டுமே இது. தோழி வீட்டுச் சோஃபாவில் ஒரு வாரம், காரில் ஒரு வாரம் என்று கழிப்பவர்கள் இதில் வர மாட்டார்கள்.

எண்ணிக்கையைவிட, தங்குமிடங்களைப் பற்றி அவ்வறிக்கை சொன்னதுதான் என்னை உலுக்கியது. வீடற்ற முன்னாள் வீரர்களைத் தங்கவைக்கும் அமைப்புகளுக்கு, ஆளுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று அரசு நிதி தருகிறது. பெண்களை ஏற்கும் அத்தகைய இடங்களில் பத்தில் ஆறுக்கு மேல் குழந்தைகளை அனுமதிக்கவில்லை. ஆக, தாய் ஒருத்தி கூரைக்காகப் பிள்ளையைப் பிரிய வேண்டும், அல்லது பிள்ளைக்காகத் தெருவில் இருக்க வேண்டும். அரசின் வாடகை உதவித் திட்டத்தில் வீடு கிடைக்கச் சராசரியாக நான்கு மாதம் காத்திருப்பு. அதுவரை எங்கே தங்கவைப்பது என்பதற்குத் துறையின் மருத்துவ மையங்களில் ஏறக்குறைய கால்வாசியில் எந்த ஏற்பாடும் இருக்கவில்லை. விசாரிக்கப்பட்ட 142 இடங்களில் ஒன்பதில், முந்தைய ஐந்து ஆண்டுகளில், தங்கியிருந்த பெண்களுக்குப் பாலியல் தொல்லையோ வன்முறையோ நேர்ந்ததாகப் புகார் பதிவாகியிருந்தது. ஆணும் பெண்ணும் தங்கும் இடத்தில் பெண்ணின் அறைக்குப் பூட்டு வேண்டும், தனிக் குளியலறை வேண்டும் என்ற அளவுக்குக்கூடத் துறை ஒரு தரவிதியை வகுத்திருக்கவில்லை.

படையிலேயே பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் அந்தப் பெண்களில் பலர். அப்படிப்பட்ட ஒருத்தியை முன்னாள் ராணுவ ஆண்கள் நிறைந்த கூடத்தில் ஒரு கட்டிலைக் காட்டிப் படுக்கச் சொன்னால், அவள் காருக்கே திரும்பிப் போவாள். பாதுகாப்பான வீடு, பொருத்தமான வீடு என்று இரண்டு சொற்களைச் சேர்த்தே அவ்வறிக்கையில் பயன்படுத்தியதற்குக் காரணம் இதுதான்.

கேள்வி: குறுகிய காலப் பணியில் ராணுவ அதிகாரியாகப் பத்தாண்டுகள் இருந்துவிட்டு வந்தேன். கணவரைப் பிரிந்து, ஏழு வயது மகனோடு ஓசூரில் வேலை பார்க்கிறேன். ‘சார் எங்கே?’ என்று கேட்டுவிட்டு, டூ-லெட் பலகை தொங்கும் வீட்டையே இல்லை என்கிறார்கள். இதற்கு ஏதாவது வழி உண்டா? – ஒரு வாசகி, ஓசூர்

பதில்: எல்லையில் நூறு பேரை நடத்தியவரிடம் ‘ராத்திரி எத்தனை மணிக்கு வருவீர்கள்?’ என்று கேட்கும் வீட்டுக்காரர்களை எனக்கும் தெரியும். தனியாக வாழும் பெண்ணுக்கு வாடகைக்குத் தர மறுப்பதைத் தனியாருக்கு எதிரான குற்றமாக்கும் சட்டம் நம்மிடம் இல்லை என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வீடு கிடைத்தபின் உங்களைப் பாதுகாக்கச் சட்டம் இருக்கிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொண்டாலொழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. ஓசூரில் பெங்களூரு வழக்கப்படி பத்து மாதம் கேட்பார்கள். அதில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்த ‘ஒழிய’ என்ற சொல்லை நினைத்துக்கொள்ளுங்கள். எழுத்துமூல ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். பதிவான ஒப்பந்தம் இருந்தால், ஒரு காலைப்பொழுதில் ‘என் மகன் வருகிறான், காலி பண்ணுங்கள்’ என்று யாரும் சொல்லிவிட முடியாது.

வேலைக்குச் செல்லும் பெண்களுக்கான தமிழக அரசின் ‘தோழி’ விடுதிகளிலும், மத்திய அரசின் ‘சகி நிவாஸ்’ விடுதிகளிலும் விண்ணப்பிக்கலாம். சேர்வதற்கு முன் மகனைப் பற்றிக் கேளுங்கள். ஆண் குழந்தைக்கு வயது வரம்பு இருக்கும். சொந்த வீடுதான் நோக்கமென்றால், தமிழ்நாடு வீட்டு வசதி வாரியத்தின் ஒதுக்கீட்டில் படைத்துறையினருக்கெனத் தனிப் பங்கு உண்டு; அறிவிப்பு வரும்போது பொதுப் பிரிவில் விண்ணப்பித்து அதை இழந்துவிடாதீர்கள். ஒப்பந்த காலத்தை முழுமையாக முடித்துப் பணிக்கொடையோடு வெளிவந்தவர் என்பதால் நீங்களும் முன்னாள் படைவீரரே.

ஓய்வூதியம் ஏன் இல்லை என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். அதிகாரிகளுக்கு ஓய்வூதியம் இருபது ஆண்டுப் பணிக்குத்தான். 1992இல் செவிலியர், மருத்துவப் பிரிவுகளுக்கு வெளியே பெண்களைச் சேர்க்கத் தொடங்கியபோது ஐந்தாண்டு என்றார்கள், பிறகு பத்து, பிறகு பதினான்கு. இருபதைத் தொட வழியே இல்லாத ஏணி அது. 2020 பிப்ரவரி 17 அன்று உச்ச நீதிமன்றம் நிரந்தரப் பணிக்கு வழி திறக்கும் வரை, பெரும்பாலான பிரிவுகளில் சேர்ந்த பெண்கள் நாற்பது வயதுக்குள் கையில் ஒரு தொகையோடு வெளியே வந்தார்கள். அந்தத் தொகை யாருடைய பெயரில் வீடாக மாறியது என்பதைத்தான் அடுத்த கடிதம் சொல்கிறது.

கேள்வி: என் பணிக்கொடையிலும் சேமிப்பிலும் கட்டிய வீட்டை, மகன் கடைசிவரை பார்த்துக்கொள்வான் என்ற நம்பிக்கையில் அவன் பெயருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தேன். இரண்டு ஆண்டாகச் சோறு போடுவதில்லை. போன மாதம் வெளியே அனுப்பிவிட்டான். கோயில் மண்டபத்தில் சில நாள், அக்காள் வீட்டில் சில நாள் என்று இருக்கிறேன். – ஒரு வாசகி, பென்னாகரம்

பதில்: பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007, பிரிவு 23. இதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, பராமரிக்காதபோது செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம். உங்களுக்கான தீர்ப்பாயம் தருமபுரி வருவாய்க் கோட்டாட்சியர். அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பகுதியினருக்கு அரூர் கோட்டாட்சியர்.

பத்திரத்தை எடுத்து, ‘என்னை ஆயுள்வரை பராமரிக்க வேண்டும்’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அத்தகைய நிபந்தனை இருந்தது என்பதை நிறுவ வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் 2025 ஜனவரியில், முதியோரைக் காக்கும் நோக்கத்தோடு சட்டத்தைத் தாராளமாகவே படிக்க வேண்டும் என்றும், வீட்டிலிருந்து பிள்ளையை வெளியேற்றி முதியவரிடம் சுவாதீனத்தை ஒப்படைக்கவும் தீர்ப்பாயத்தால் முடியும் என்றும் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தனியாக எழுதி வாங்கிய உறுதிமொழிக் கடிதம் ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்துக் கொடுங்கள். மகன் அந்த வீட்டை அடகு வைத்திருக்கிறாரா என்பதை இந்த வாரமே பார்த்துவிடுங்கள். மண்டபத்தில் படுக்க வேண்டாம். முதியோர் உதவி எண் 14567. அல்லது பெண்கள் உதவி எண் 181ஐ அழைத்தால், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான மாவட்ட ‘சகி’ மையத்தில் ஐந்து நாள் வரை தங்கலாம். அந்த ஐந்து நாளுக்குள் அதைவிட நீண்ட காலம் தங்கும் இடத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும்.

கேள்வி: நான் சி.ஆர்.பி.எஃப்.பில் பணியாற்றியவள். முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் என்னைச் சேர்க்க முடியாது என்கிறார்களே? – பர்கூர்

பதில்: அவர்கள் சொல்வது சரி. முன்னாள் படைவீரர் என்ற சொல் தரைப்படை, கப்பற்படை, விமானப்படை மூன்றுக்கு மட்டுமே உரியது. மத்திய ஆயுதக் காவல் படையினரை ‘முன்னாள் மத்திய ஆயுதக் காவல் படையினர்’ என்று தனியாக அறிவித்து, மாநிலங்கள் அவர்களுக்கும் ஒத்த சலுகைகளைத் தரலாம் என்று 2012 நவம்பரில் உள்துறை அமைச்சகம் ஆணை பிறப்பித்தது. நீங்கள் அணுக வேண்டியது ‘வார்ப்’ எனப்படும் நல மற்றும் மறுவாழ்வு வாரியம். வீட்டுச் சிக்கலுக்கு மேலே சொன்ன சட்டங்கள் எல்லாம் உங்களுக்கும் அப்படியே பொருந்தும்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் ஓர் அம்மா இரவில் படுத்திருக்கிறார். ‘மிலிட்டரியில் இருந்தேன்’ என்பதைத் தவிர எதுவும் பேசுவதில்லை. நாங்கள் மகளிர் குழுவினர் என்ன செய்யலாம்? – ஊத்தங்கரை

பதில்: ‘மிலிட்டரிக்காரம்மா’ என்றால் நம் ஊர்ப் பேச்சில் இரண்டு பொருள் உண்டு: பட்டாளத்தில் இருந்தவர், பட்டாளத்துக்காரரின் மனைவி. முதலில் எதுவென்று அறிய வேண்டும். தரைப்படையில் சிப்பாய் நிலையில் பெண்களைச் சேர்க்கத் தொடங்கியதே 2019இல்தான்; ராணுவக் காவல் பிரிவின் முதல் அணி பயிற்சி முடித்தது 2021இல். ஆகவே வயதான ஒருவர் என்றால் செவிலியராக இருந்திருக்கலாம். 1986இல் தொடங்கிய சி.ஆர்.பி.எஃப். மகளிர் பட்டாலியனில் இருந்திருக்கலாம். அல்லது குடும்ப ஓய்வூதியம் நின்றுபோன ஒரு விதவையாக இருக்கலாம். ஆண்டுக்கு ஒரு முறை தர வேண்டிய உயிர்வாழ்வுச் சான்றைத் தராததால் பணம் நின்று, அதனால் வாடகை நின்று, தெருவுக்கு வந்தவர்கள் உண்டு.

கேள்விமேல் கேள்வி கேட்காதீர்கள். அவரிடம் பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள். பட்டாளத்து வீடுகளில் கறுப்பு வண்ணம் அடித்த தகர டிரங்குப் பெட்டி ஒன்று இருக்கும். மூடியில் வெள்ளை எழுத்தில் எண்ணும் பெயரும் எழுதியிருக்கும். வண்ணம் உரிந்துபோயிருந்தாலும் எண்ணின் நான்கைந்து இலக்கங்கள் தெரியலாம். அந்த எண்ணை அப்படியே குறித்துக்கொண்டு, கிருஷ்ணகிரியில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கொடுத்தால், அவர்கள் உரிய ஆவணக் காப்பு அலுவலகத்துக்கு எழுதிக் கேட்பார்கள். பெட்டியை அவரிடமிருந்து பிரித்து எடுத்துப் போகாதீர்கள். அதுதான் அவருடைய வீடு.

இரவில் தங்க, நகராட்சிகளின் வீடற்றோர் தங்குமிடத்துக்கு அழைத்துச் செல்வதாக இருந்தால், முதலில் உங்களில் ஒருவர் இருட்டியபின் போய்ப் பாருங்கள். பெண்களுக்குத் தனித் தளம் உண்டா, கழிப்பறைக்குப் போக ஆண்கள் படுத்திருக்கும் கூடத்தைத் தாண்ட வேண்டுமா என்பதைப் பகலில் போனால் தெரிந்துகொள்ள முடியாது. அவர் மனநலம் குன்றியவராகத் தோன்றினால், 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி அத்தகையவரைப் பாதுகாப்பில் எடுத்து மருத்துவரிடம் கொண்டுசெல்வது காவல் நிலையத்தின் கடமை. ‘எங்களுக்கு வேறு வேலை இல்லையா?’ என்றால், சட்டத்தின் 100ஆம் பிரிவு என்று சொல்லுங்கள்.

கேள்வி: வெளிநாட்டில் இருக்கும் நண்பர்களின் உதவியோடு, படையில் இருந்து வந்த ஆதரவற்ற பெண்களுக்காக இருபது படுக்கைகள் கொண்ட இல்லம் ஒன்றைக் கட்ட நினைக்கிறோம். நிலம் தயார். எப்படிக் கட்ட வேண்டும் என்று ஆலோசனை சொல்லுங்கள். – நல்லம்பள்ளி

பதில்: கட்டாதீர்கள் என்பதுதான் என் ஆலோசனை. கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இரண்டு மாவட்டங்களையும் சேர்த்தாலும் ஒரே நேரத்தில் இருபது பேர் வந்து சேர மாட்டார்கள். திறப்பு விழாவன்று மாலையும் மேளமும் இருக்கும். இரண்டாம் ஆண்டில் ஐந்து படுக்கையில் ஆள் இருப்பார்கள். மற்றப் பதினைந்தில் புளி மூட்டை இருக்கும். மேலும், ஆண்டுக்கணக்கில் மணியடித்து எழுந்து, மணியடித்துச் சாப்பிட்ட பெண்களை மீண்டும் ஒரு பாசறைக்குள் ஏன் அனுப்ப வேண்டும்?

அமெரிக்காவில் 2008 முதல் பெரிய அளவில் நடக்கும் ஒரு திட்டத்தைப் பாருங்கள். வீடற்ற முன்னாள் வீரருக்கு அரசு ஒரு வாடகைச் சீட்டைக் கொடுக்கிறது. அவர் ஊருக்குள் தமக்குப் பிடித்த வீட்டைப் பார்த்துக் குடியேறி, தம் வருமானத்தில் ஏறத்தாழ 30 விழுக்காட்டை வாடகையாகத் தருகிறார். மீதியை அரசு தருகிறது. கூடவே ஒரு சமூகப் பணியாளர் வந்து பார்த்துக்கொள்கிறார். இந்தத் திட்டம் வளர்ந்த ஆண்டுகளில், 2010க்கும் 2024க்கும் இடையே, அங்கு ஓரிரவுக் கணக்கெடுப்பில் வீடற்ற முன்னாள் வீரர்கள் பாதிக்கு மேல் குறைந்தார்கள். 2024 ஜனவரியில் 32,882 பேர்.

உங்கள் பணத்தை வைப்பாகப் போட்டு, அதன் வட்டியில் தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் தலா இரண்டு வீடுகளை உங்கள் சங்கத்தின் பெயரில் வாடகைக்கு எடுங்கள். ஓசூர் வாசகியிடம் ‘சார் எங்கே?’ என்று கேட்ட வீட்டுக்காரர், சங்கத்தின் முத்திரையைப் பார்த்தால் கேட்க மாட்டார். வருபவர் ஆறு மாதமோ ஓராண்டோ இருந்து, வழக்கு முடிந்தோ ஓய்வூதியம் வந்தோ தம் வீட்டுக்குப் போகட்டும். வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது உங்கள் வீட்டுப் பெண்களை அனுப்புங்கள். தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கிறதா, ஆட்டி இழுத்தால் கழன்று வருகிறதா, குளியலறை சன்னல் அடுத்த வீட்டு மாடிக்கு நேராக இருக்கிறதா, கடைசிப் பேருந்து நிற்கும் இடத்திலிருந்து வீடு வரை தெருவிளக்கு எரிகிறதா என்பவற்றை ஆண்கள் பார்ப்பதில்லை. சாவி ஒன்று குடியிருப்பவரிடம்தான் இருக்க வேண்டும். உங்கள் சங்கத் தலைவரிடம் மாற்றுச் சாவி இருக்கக் கூடாது. சமையலறை கட்டாயம் வேண்டும். கேழ்வரகுக் களி கிண்டிச் சாப்பிட ஆசைப்படுபவருக்கு வாரம் ஏழு நாளும் பொட்டலச் சோறு கொடுப்பது உபசாரமாகாது. பிள்ளைகள் கூட இருக்கலாம் என்பதை முதல் விதியாக எழுதுங்கள்.

எப்படியும் இல்லம்தான் என்று முடிவெடுத்தால், தமிழ்நாடு பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகள் மற்றும் இல்லங்கள் முறைப்படுத்தும் சட்டம், 2014இன்படி ஆட்சியரிடம் பதிவும் உரிமமும் பெற்ற பிறகே ஒருவரைத் தங்கவைக்க வேண்டும். நல்லெண்ணம் உரிமத்துக்கு ஈடாகாது.

கேள்வி: ஆதார், குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை எல்லாவற்றுக்கும் முகவரி கேட்கிறார்கள். வீடே இல்லாத முன்னாள் ராணுவச் செவிலியர் ஒருவருக்கு எந்த முகவரியை எழுதுவது? – பாலக்கோடு

பதில்: அங்கீகரிக்கப்பட்ட இல்லம் ஒன்றில் அவர் தங்கியிருந்தால், அதன் கண்காணிப்பாளர் உரிய படிவத்தில் தரும் சான்றை ஆதாருக்கு ஏற்றுக்கொள்வார்கள். ஆதார் கைக்கு வந்துவிட்டால் மற்றவற்றைப் பெறுவது எளிதாகும். ஓய்வூதியம் இருப்பவரென்றால், படைத்துறை ஓய்வூதியத்துக்கான ‘ஸ்பர்ஷ்’ இணையதளத்தில் பழைய முகவரியும் பழைய கைப்பேசி எண்ணும் கிடக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். கடிதங்கள் எல்லாம் துரத்திவிட்ட வீட்டுக்கே போய்க்கொண்டிருக்கும்.

வாக்காளர் பட்டியலுக்கு முகவரிச் சான்றே தேவையில்லை. படிவம் 6இல் அவர் இரவில் உறங்கும் இடத்தை எழுதினால் போதும். பேருந்து நிலையம் என்றாலும் சரி, கோயில் வாசல் என்றாலும் சரி. வாக்குச்சாவடி நிலை அலுவலர் ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகள் நேரில் வந்து, அவர் அங்கேதான் உறங்குகிறார் என்று பார்த்துப் பெயரைச் சேர்க்க வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. அலுவலர் வரும் இரவில் நீங்களும் உடனிருங்கள். டார்ச் அடித்து எழுப்பும்போது தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.